இன்ட்ராடேவை நம்பி வேலையை விடலாமா? பல வருடம் செய்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்

சூலூர்க்காரன்

இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். எழுதுவது முதல் தடவை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 31. கோவைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. பிடித்தம் போக 27,500 கைக்கு வருகிறது. 2025 ஏப்ரலில் 80,000 ரூபாய் போட்டு இன்ட்ராடே ஆரம்பித்தேன். பங்குகள் மட்டும்தான், ஆப்ஷன் (விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் வாங்கி விற்பது) பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. காலையில் வாங்கினால் மதியத்துக்குள் விற்றுவிடுவேன். ஒரு தடவைக்கு 50,000 ரூபாய் அளவுக்குத்தான் எடுப்பது வழக்கம். ஜூலையோடு நாலு மாதம் முடிந்தது. ஆப்பில் காட்டுகிற லாபம் 31,400.

இவ்வளவும் ஸ்டோர்ஸில் ரேக்குகளுக்கு நடுவே நின்று, போனைப் பார்த்துச் செய்தது. சூப்பர்வைசர் வந்தால் போன் பாக்கெட்டுக்குள் போய்விடும். திரும்ப எடுப்பதற்குள் ஸ்டாப்லாஸ் (நஷ்டம் ஓர் அளவைத் தொட்டதும் தானாக விற்றுவிடுகிற ஆர்டர்) அடித்திருக்கும். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து 9:15 முதல் 3:30 வரை முழுதாகக் கவனித்தால் இதைப்போல இரண்டு மடங்காவது வராதா? எனக்குப் பேராசை கிடையாது. ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் போதும். மாதம் 20 நாள் சந்தை என்றால் 20,000. மனைவி தையல் தைக்கிறார், அதில் கொஞ்சம் வரும். ஓட்டிவிடலாம்.

மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. மாமனார் 'சூதாட்டம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ராஜினாமா மெயிலை டைப் செய்து டிராஃப்டில் வைத்திருக்கிறேன்.

கேள்வி இதுதான். ஐந்து வருடம், பத்து வருடம் என்று தொடர்ந்து இன்ட்ராடேயில் லாபம் பார்த்தவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா? இருந்தால், எவ்வளவு? யூடியூபில் கிடைக்கிற பதில் வேண்டாம்.

கரூர் காளை

எல்லாம் சைக்காலஜிதான் ப்ரோ. டிசிப்ளின், ரிஸ்க் மேனேஜ்மென்ட் இரண்டும் இருந்தால் கண்டிப்பாக முடியும். நஷ்டப்படுகிறவர்கள் ஸ்டாப்லாஸ் போடாதவர்கள். என் மென்டார் தினமும் சராசரியாக 20,000 எடுக்கிறார், குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் வரும். பயந்தவர்கள் பேச்சைக் கேட்டால் கடைசிவரை ஸ்டோர்ஸிலேயே நிற்க வேண்டியதுதான்.

உடுமலை நோட்டு

தம்பி, நான் செய்து பார்த்தவன். 2018 செப்டம்பர் கடைசியில் மில் வேலையை விட்டேன். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், 24,000 சம்பளம். 2024 ஜூன் 4ஆம் தேதி மாலையோடு நிறுத்தினேன். நடுவில் உள்ள ஐந்தே முக்கால் வருடமும் நோட்டில் இருக்கிறது. நாலு லாங் சைஸ் நோட்டு. என் பெயர்க் காரணம் அதுதான். ஞாபகத்தை வைத்துப் பேசினால் நானும் ஜெயித்த கதையாகத்தான் சொல்லுவேன். நோட்டு விடாது.

உட்கார்ந்த நாள் 1,190. எடுத்த டிரேடு 4,700 சொச்சம். போட்ட முதல் 4 லட்சம், பெரும்பகுதி பி.எஃப். பணம். சார்ஜ் கழிப்பதற்கு முன் லாபம் 5,62,000. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. புரோக்கரேஜ், எஸ்டிடி என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஸ்டாம்ப் டியூட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து போனது 4,31,000. மிச்சம் 1,31,000. அதில் ஒரு கோர்ஸுக்குக் கொடுத்தது 28,000. சார்ட் சாஃப்ட்வேர் சந்தா, இன்வெர்ட்டர் பேட்டரி, இரண்டாவது மானிட்டர், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு இன்டர்நெட் கனெக்ஷன். எல்லாம் போகக் கையில் நின்றது 50,000 பக்கம். 69 மாதத்துக்கு! மாதம் 700 ரூபாய் சொச்சம் வருகிறது. எங்கள் தெருவில் பேப்பர் போடுகிற பையன் இதைவிட அதிகம் வாங்குகிறான்.

பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்துகிற செபி 2024 ஜூலையில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் நஷ்டம். 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 76%. வருடத்துக்கு 500 டிரேடுக்கு மேல் போட்டவர்களில் 80%. எல்லோரும் இந்த எண்களை மேற்கோள் காட்டி, 'பார், ஏழு பேர் தோற்கிறார்கள்' என்கிறார்கள். உன்னைப் போன்ற ஆள் அதைக் கேட்டதும், 'சரி, நான் மீதி மூன்று பேரில் ஒருவனாக இருந்துவிட்டுப் போகிறேன்' என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் என்னவென்றால், நான் அந்த மூன்று பேரில்தான் இருக்கிறேன். ஐந்தே முக்கால் வருடத்தையும் கூட்டிப் பார்த்தாலும் என் பெயர் லாபக் கணக்கில்தான் வரும். மாதம் 700 ரூபாய் லாபம். அந்த மூன்று பேர் எவ்வளவு எடுத்தார்கள், அதை வைத்து அரிசி வாங்க முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

சார்ஜ் கணக்கை ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பார். 1 லட்சத்துக்கு வாங்கி 1 லட்சத்துக்கே விற்கிறாய், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்று வைத்துக்கொள். டிஸ்கவுன்ட் புரோக்கரிடம் ஆர்டருக்கு 20 வீதம் 40 ரூபாய். விற்கும்போது எஸ்டிடி 0.025%, அது 25. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 6 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஸ்டாம்ப் டியூட்டி 3. புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணம் இரண்டின்மீதும் 18% ஜிஎஸ்டி, அது 8 சொச்சம். மொத்தம் 82 ரூபாய். சின்னத் தொகைதான், டீ வடை செலவு. ஒரு நாளைக்கு ஐந்து தடவை போட்டால் 410. வருடத்துக்கு 245 நாள் சந்தை. பெருக்கினால் 1 லட்சம். அதாவது 1 லட்சம் முதலில், லீவரேஜே (புரோக்கர் தருகிற கடன்) எடுக்காமல், தினமும் ஐந்து டிரேடு போடுகிறவன் வருடக் கடைசியில் கைமுதலோடு நிற்க வேண்டுமென்றாலே 100% சம்பாதித்தாக வேண்டும். இது எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆயிற்று. தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. அன்றன்றைய டிரேடு, சார்ஜ் எல்லாம் உள்ள பில், காண்ட்ராக்ட் நோட், தினமும் மெயிலில் வந்துகொண்டுதான் இருந்தது. பாஸ்வேர்டு போட்டுத் திறக்கச் சோம்பல்.

இனி வருட வாரியாக, சார்ஜ் கழித்து. 2018-19: நஷ்டம் 47,000. 2019-20: லாபம் 4,000. அதுவும் 2020 மார்ச் 23 அன்று காலையில் ஷார்ட் (முதலில் விற்று, விலை இறங்கியதும் திரும்ப வாங்குவது) எடுத்திருந்தேன். கொரோனா பயத்தில் சந்தை 10% விழுந்து வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள், அப்புறமும் விழுந்தது. ஒரே நாளில் 18,000. அந்த நாள் இல்லையென்றால் அந்த வருடமும் நஷ்டம். 2020-21: லாபம் 2,88,000. 2021-22: லாபம் 58,000. 2022-23: நஷ்டம் 1,02,000. அதற்குப் பிறகு ஜூன் 4 வரை: நஷ்டம் 70,000.

அந்த 2,88,000 வந்த வருடத்தை யோசித்துப் பார். ஊரே வீட்டில் அடைந்து கிடந்தது. 2020 மார்ச்சில் 4 கோடி சொச்சம் இருந்த டீமேட் (பங்கு வைத்திருக்கிற) கணக்குகள் அடுத்த நாலு வருடத்தில் 15 கோடியைத் தாண்டின. வாங்கியவன் எல்லாம் ஜெயித்தான். சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்கு நான் குருநாதர். மச்சினன் தன் பணத்தையும் என்னிடம் தருகிறேன் என்றான். நல்லவேளை வாங்கவில்லை. அந்த வருடம்தான் என்னை அடுத்த மூன்று வருடம் நாற்காலியில் உட்காரவைத்தது. முதல் வருட நஷ்டத்தோடு எழுந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

ஜூன் 4 கதையை நீளமாகச் சொல்லப் போவதில்லை. தேர்தல் முடிவு நாள். முந்தின நாள் சந்தை 3 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. காலையில் விழ ஆரம்பித்தபோது ஒரு பொதுத்துறை வங்கிப் பங்கை வாங்கினேன். ஸ்டாப்லாஸ் போட்டேன், கரூர்த் தம்பி கவனிக்கவும், போட்டேன். விலை அதன் அருகே வந்ததும் கீழே நகர்த்தினேன். பிறகு ஆவரேஜ் செய்தேன், அதாவது விலை விழ விழ மேலும் வாங்கினேன், மூன்று தடவை. 50 பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டி 1,379 புள்ளி விழுந்து முடிந்தது. என் பங்கில் 31,600 போயிற்று. ஐந்தே முக்கால் வருட அனுபவமுள்ள ஆள் செய்த வேலை அது. முதல் வாரத்தில் செய்த அதே தப்பு.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் இன்னொரு கணக்கும் போட்டேன். நான் வேலையை விட்டபோது நிஃப்டி 10,930. விழுந்து நொறுங்கிய அந்த ஜூன் 4 மாலையில் 21,884. கச்சிதமாக இரண்டு மடங்கு. 4 லட்சத்தை அந்த நிஃப்டியோடு ஏறி இறங்குகிற ஏதோ ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு மில்லுக்கே போய் வந்திருந்தால் 8 லட்சம். வாங்காமல் விட்ட சம்பளம் 16,56,000 தனி. இன்க்ரிமென்ட் சேர்க்கவில்லை.

உன் கேள்விக்கு நேர்ப் பதில்: தொடர்ந்து லாபம் பார்த்தவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என் வட்டத்தில் நான் பார்த்ததில்லை. இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். 31,400 என்றாயே, அது சார்ஜ் கழித்ததா, கழிக்காததா? ஆப்பின் முதல் பக்கத்தைப் பார்க்காதே. டாக்ஸ் பி அண்ட் எல் (வரிக்கான லாப நஷ்டக் கணக்கு) என்று ஒரு ரிப்போர்ட் இருக்கும், இறக்கிப் பார்த்துச் சொல். கூடவே, அதிக லாபம் வந்த ஒரே ஒரு நாளை எடுத்துவிட்டால் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் சொல்.

செட்டிநாட்டு டீலர்

நோட்டு அண்ணன் எழுதியதில் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை. நான் காரைக்குடியில் ஒரு புரோக்கரின் கிளை அலுவலகத்தில் 2007 முதல் டீலராக இருக்கிறேன். மற்றவர்கள் தங்கள் ஒரு கணக்கைப் பார்க்கிறார்கள், நான் நூற்றுக்கணக்கான கணக்குகளைப் பார்த்தவன் என்பதால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் ஆபீஸில் பெஞ்சு போட்டிருப்போம். காலை 9 மணிக்கே ரிடயர்டு ஆசிரியர், அரிசி மில்காரர், எல்ஐசி ஏஜெண்ட் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிடுவார்கள். இன்ட்ராடேவுக்கு மூணு பைசா, வாங்கி வைத்துக்கொள்கிற டெலிவரிக்கு முப்பது பைசா புரோக்கரேஜ். 100 ரூபாய்க்கு என்று அர்த்தம். 2008 ஜனவரி 21, 22 இரண்டு நாளும் நான் சாப்பிடப் போகவில்லை. இரண்டாம் நாள் திறந்த உடனே சந்தை வரம்புக்கு மேல் விழுந்து, சர்க்கியூட் அடித்து, வர்த்தகம் நின்றுவிட்டது. பெஞ்சில் யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை. அடுத்த மாதம் அந்தப் பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். இப்போது பெஞ்சே கிடையாது, எல்லோரும் போனில்.

என் கண்ணுக்குத் தெரிந்து பத்து வருடத்துக்கு மேல் இன்ட்ராடேயில் நின்றவர் இரண்டு பேர். ஒருவர் கழிவுப் பஞ்சு வியாபாரி. இரண்டே இரண்டு பங்குதான் தொடுவார், இரண்டும் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகம் நடக்கிற பெரிய பங்குகள்) பட்டியலில் உள்ளவை. 9:30 முதல் 10:30 வரை. அதற்குள் அவர் எதிர்பார்க்கிற விலை வரவில்லையென்றால், 'இன்னைக்கு ஒண்ணும் இல்லப்பா' என்று போனை வைத்துவிட்டு குடோனுக்குப் போய்விடுவார். வாரத்தில் மூன்று நாள் அப்படித்தான் போகும். 10 லட்சம் வைத்து வருடத்துக்கு 1 லட்சம், ஒன்றேகால் லட்சம் எடுப்பார். கவனியுங்கள், அவர் சாப்பாடு பஞ்சில் வருகிறது. இதை நம்பி அவர் வீட்டில் உலை வைப்பதில்லை. அதனால்தான் அவரால் சும்மா இருக்க முடிகிறது. சூலூர்த் தம்பி, தினம் 1,000 ரூபாய் வேண்டும் என்கிறவருக்குச் சும்மா இருக்க முடியாது. 11 மணிக்கு 400 ரூபாய் குறைகிறது என்றால் ஏதாவது ஒன்றில் போய் விழுவார். பிற்பகல் 2 மணிக்கு மேல் நான் பார்த்த நஷ்டங்களில் பாதி இந்த ரகம்.

இன்னொருவரைப் பற்றி எழுத அவர் அனுமதி கேட்க வேண்டும், விட்டுவிடுகிறேன்.

அப்புறம் ஷார்ட். கையில் இல்லாத பங்கை விற்றுவிட்டு மதியம் வாங்கிக்கொள்ளலாம் என்று சின்னக் கம்பெனிப் பங்கில் இறங்காதீர்கள். அது அப்பர் சர்க்கியூட்டில் (அன்றைக்கு ஏறக்கூடிய உச்ச வரம்பில்) போய் உட்கார்ந்துவிட்டால் விற்கிறவன் ஒருவனும் இருக்க மாட்டான், உங்களால் திரும்ப வாங்க முடியாது. எக்ஸ்சேஞ்ச் நடத்துகிற ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் என்ன விலை வருகிறதோ அதைக் கொடுத்தாக வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், 200 பங்கு ஷார்ட் போட்டு இப்படி மாட்டினார். அவர் அன்றைக்கு எதிர்பார்த்த லாபம் 600 ரூபாய். கட்டியது 9,000க்கு மேல். போனில் அழுதார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆர்டரை அடித்தது நான்தானே.

கரூர் தம்பிக்கு: உங்கள் மென்டாரிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள், அவர் தாக்கல் செய்த வருமான வரி ரிட்டர்ன் கேளுங்கள். பங்குச் சந்தைப் பாடம் நடத்துகிறோம் என்று சொல்கிறவர்கள் மூன்று மாதத்துக்குள் உள்ள விலையைக் காட்டிப் பேசக் கூடாது என்று செபி 2025 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. தினமும் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் வருகிறதென்றால் அது பாடம் இல்லை.

கரூர் காளை

ரிட்டர்ன் எல்லாம் யாராவது காட்டுவார்களா சார்? பெர்சனல் விஷயம்.

செட்டிநாட்டு டீலர்

ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறாரே.

சூலூர்க்காரன்

நோட்டு அண்ணா, ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தேன். நேற்று ராத்திரியே பார்த்துவிட்டேன், எழுதத்தான் மனசு வரவில்லை.

78 நாளில் 281 டிரேடு. ஆப் காட்டிய 31,400 சார்ஜ் கழிக்காதது. சார்ஜ் 14,860. மிச்சம் 16,540. மாதம் 4,100 சொச்சம்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு நாள் இருக்கிறது. ஒரே ஒரு நாள் துணிந்து முழுப் பணத்தையும் ஐந்து மடங்கு லீவரேஜில் போட்டு 4 லட்சத்துக்கு வாங்கினேன். 9,200 வந்தது. அதை எடுத்துவிட்டால் நாலு மாதத்துக்கு 7,500 பக்கம்தான் நிற்கிறது. எனக்கே நம்ப முடியவில்லை. இவ்வளவு நாள் 31,400 என்றே நினைத்து, மனைவியிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

உடுமலை நோட்டு

அந்த நாள் மே 12 தானே?

சூலூர்க்காரன்

ஆமாம் அண்ணா! எப்படித் தெரியும்?

உடுமலை நோட்டு

மந்திரம் எல்லாம் இல்லை. இந்தியா-பாகிஸ்தான் சண்டை நிறுத்தம் அறிவித்த பிறகு வந்த திங்கட்கிழமை. நிஃப்டி 916 புள்ளி ஏறிய நாள். காலையில் எதை வாங்கியிருந்தாலும் மதியம் சிரித்திருக்கலாம். நீ ஆரம்பித்த மாதத்தையும் பார். ஏப்ரல் 7 அன்று நிஃப்டி 22,161இல் முடிந்தது. ஜூன் கடைசியில் 25,500ஐத் தாண்டி நின்றது. நீ வாங்கி விற்கிற ஆள், ஷார்ட் போடாதவன். ஆற்று வெள்ளம் போகிற பக்கமே நீந்தியிருக்கிறாய். அப்படி நீந்தியும் மாதம் 4,100. ஜூலையில் சந்தை திரும்பியபோது என்ன ஆயிற்று என்று ரிப்போர்ட்டில் மாதவாரியாகப் பிரித்துப் பார். எனக்குச் சொல்ல வேண்டாம்.

உன்னைக் குறைத்துப் பேசவில்லை தம்பி. முதல் நாலு மாதத்தில் சார்ஜ் போக லாபத்தில் நிற்பதே பெரிய விஷயம். நான் அந்தக் கட்டத்தில் 30,000 நஷ்டத்தில் இருந்தேன். ஆனால் ஸ்டோர்ஸில் ஒளிந்து ஒளிந்து பார்ப்பதால்தான் குறைவாக வருகிறது, வீட்டில் உட்கார்ந்தால் இரண்டு மடங்கு வரும் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மில்லில் இருந்தபோது நான் லீவு நாளில் மட்டும் உட்காருவேன், மாதம் எட்டுப் பத்து டிரேடு. வேலையை விட்ட பிறகு ஒரு நாளைக்கே நாலு. சார்ஜ் எண்ணிக்கையைப் பார்த்து ஏறுகிறது, லாபம் அப்படி ஏறவில்லை. திரை முன்னால் ஆறேகால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. சூப்பர்வைசர் வந்ததால் நீ போடாமல் விட்ட டிரேடுகள் எத்தனை என்று ரிப்போர்ட்டில் வராது. அந்த ஆள் உனக்கு எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறாரோ.

லீவரேஜ் விஷயம் தனி. 80,000 வைத்து 4 லட்சத்துக்கு வாங்கிய அன்று பங்கு 2.3% ஏறி 9,200 வந்தது. அதே 2.3% இறங்கியிருந்தால் இதுவரை வந்தது அத்தனையும் அன்றைக்கே போயிருக்கும். பங்கில் 2.3% என்பது சாதாரண செவ்வாய்க்கிழமை.

ஸ்ரீரங்கம் அக்கா

ஆடிட்டர் ஆபீஸில் ரிட்டர்ன் போடுகிற வேலை என்னுடையது. யாரும் வரியைப் பற்றிப் பேசவில்லையே என்று வந்தேன்.

தம்பி, இன்ட்ராடே லாபம் வரிக் கணக்கில் ஸ்பெகுலேடிவ் பிசினஸ் வருமானம். பங்கை வாங்கி வைத்து விற்கிறவர்களுக்கு உள்ள கேப்பிடல் கெயின்ஸ் கணக்கு உங்களுக்குக் கிடையாது. சம்பளத்தோடு சேர்த்து உங்கள் ஸ்லாப்படிதான். இதுவரை சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர்-1 படிவம் போட்டுக்கொண்டிருந்தால் இனி பிசினஸ் வருமானத்துக்கான ஐடிஆர்-3. அதற்குப் பீஸும் கூடத்தான். நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஸ்பெகுலேடிவ் லாபம் வருகிற வருடத்தில் மட்டும், அதுவும் நாலு வருடத்துக்குள் கழித்துக்கொள்ளலாம். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால்தான் அதுவும். நஷ்டம்தானே, எதற்குக் காட்ட வேண்டும் என்று விட்டுவிட்டு அடுத்த வருடம் லாபத்தோடு வந்து கையைப் பிசைகிறவர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் எங்களிடம் வருகிறார்கள். வருமான வரித் துறையின் ஏஐஎஸ் அறிக்கையில் டிரேடு விவரம் வந்துவிடும், மறைக்கவும் முடியாது.

தைவான், பிரேசில் இரண்டு இடத்திலும் பேராசிரியர்கள் இதையே பல வருடத் தரவை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தைவானில் வருடா வருடம் நம்பி எதிர்பார்க்கிற மாதிரி, செலவு போக லாபம் எடுத்தவர்கள் 1%க்கும் குறைவு. பிரேசில் ஆய்வு இண்டெக்ஸ் ஃபியூச்சர்ஸ் (சந்தைக் குறியீட்டின் வருங்கால விலைமீது போடுகிற ஒப்பந்தம்) செய்தவர்களைப் பற்றியது. 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97% பேர் நஷ்டம். அந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைவிட அதிகம் சம்பாதித்தவர்கள் 1.1%. நான் இதைச் சொல்வது உங்களுக்கு மட்டும் இல்லை. எங்கள் வீட்டுக்காரரும் ஆப்ஷனில் இருக்கிறார். அதில் கணக்கு இன்னும் மோசம், 2024-25இல் 91% தனிநபர்களுக்கு நஷ்டம் என்று 2025 ஜூலையில் செபி சொன்னது. நான் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அவர் அதன்மேல் கேஸ் பில்லை ஒட்டிவிட்டார்.

சூலூர்க்காரன்

அக்கா, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

எல்லோருக்கும் நன்றி. மாதவாரியாகப் பார்த்தேன் நோட்டு அண்ணா. ஜூலை மைனஸ் 2,310. மனைவியிடம் இன்று சரியான எண்ணைச் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். 'நாலு மாசத்துல பதினாறாயிரமா? அதுவே பரவாயில்லையே' என்றாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மெயிலை அழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. டிசம்பர் வரை பார்க்கிறேன். லீவரேஜ் இல்லாமல், ஒரு நாளைக்கு ஒரே டிரேடு, நோட்டில் எழுதி.

நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள் அண்ணா? அந்த இரண்டாவது மானிட்டர் சும்மா இருந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

உடுமலை நோட்டு

இப்போது வேறொரு மில்லில் ஷிப்ட் இன்சார்ஜ், 26,000. பழைய மில்லில் எனக்குக் கீழே வேலை பார்த்த பையன் அங்கே இன்று 38,000 வாங்குகிறான்.

டிரேடிங் கணக்கை மூடவில்லை. 40,000 கிடக்கிறது. மாதம் இரண்டு தடவை கை அரிக்கும், போடுவேன். போன வாரம் 312 ரூபாய் போயிற்று. அதில் 106 சார்ஜ். நோட்டில் எழுதியாயிற்று, ஐந்தாவது நோட்டு.

மானிட்டர் போன மாதமே போய்விட்டது. 1,800க்குக் கொடுத்தேன். வாங்க வந்த பையன் பைக்கில் கட்டும்போது, 'அங்கிள், இதுல நாலு சார்ட் ஒண்ணா தெரியும்ல?' என்று கேட்டான்.